பெப்டிக் அல்சர்: ‘செரிநீர்ப்புண்’ எனலாமா?

> குடல்புண் என்று ஊரே சொல்கிறது. புதுச்சொல் எதற்கு?

வணக்கம் ஐயா. பெப்டிக் அல்சர் என்பது இரைப்பையிலோ அதை அடுத்த முன்சிறுகுடலிலோ (சிறுகுடலின் முதல் பகுதி) வரும் புண். அதற்கு நான் முன்வைக்கும் சொல் ‘செரிநீர்ப்புண்’; உங்கள் கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன். பேச்சில் குடல்புண்ணும் அல்சரும் இருக்கட்டும். நோயாளியின் கையில் கொடுக்கும் கையேட்டில்தான் சிக்கல். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம், பெருங்குடல் புண் எல்லாமே நம்மிடம் குடல்புண்தான். வாய்ப்புண் வந்தாலே ‘உள்ளே குடலும் புண்ணாயிருக்கும்’ என்று மணத்தக்காளிக் கீரை சமைக்கிறோம். கீரை நல்லதுதான். ஆனால் மலம் தார்போலக் கறுத்துப் போகிறவர் கீரையோடு வீட்டில் இருந்துவிடக் கூடாது. அது உள்ளே இரத்தம் கசிவதன் அடையாளம். அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

> அப்படியானால் ‘இரைப்பைப் புண்’ போதுமே?

போதாது. இதே புண் முன்சிறுகுடலிலும் வருகிறது. அறிகுறியும் பல நேரம் மாறுகிறது: இரைப்பையில் என்றால் சாப்பிட்டதும் வலி கூடும், முன்சிறுகுடலில் என்றால் வெறும் வயிற்றிலும் நள்ளிரவிலும் எரியும், ஏதாவது சாப்பிட்டால் தணியும். இவை இடப்பெயர்களாக நிற்கட்டும். இரண்டுக்கும் பொதுவாக ஒரு சொல் வேண்டும்.

> ‘அமிலப்புண்’ எளிமையாக இருக்கிறதே?

எளிமைதான். ஆனால் அமிலம் மேலே பட்டு வெந்த புண் என்றே முதலில் பொருள் தரும். அமிலத்தோடு, புரதத்தைச் செரிக்கும் நொதியான பெப்சினும் சேர்ந்துதான் சுவரை அரிக்கிறது என்பதும் விடுபடுகிறது. எனக்கு இதைவிடப் பெரிய குறை, ‘காரமும் கவலையும் அமிலத்தைக் கூட்டும், அதனால் புண் வரும்’ என்ற பழைய நம்பிக்கைக்கு அந்தச் சொல் வலுச் சேர்ப்பது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மருத்துவர்கள் ராபின் வாரனும் பாரி மார்ஷலும், இந்தப் புண்ணுக்குப் பெருங்காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை 1982-இல் வளர்த்தெடுத்த பிறகும் அந்த நம்பிக்கை எளிதில் அசையவில்லை. மார்ஷல் 1984-இல் அந்தக் கிருமியைத் தானே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். நோபெல் பரிசு 2005-இல்தான் வந்தது. அந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு சளிப்படலத்துக்குள் வாழ்கிறது.

இன்னொரு பெருங்காரணம் வலிமாத்திரை. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை இரைப்பைச் சுவரைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைக் குறைப்பதால் சளிப்படலம் மெலிகிறது. மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கி நாள்கணக்கில் விழுங்குகிற பெரியவர்களை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. அவர்களில் புண் வந்த பலருக்கு வலியே தெரியாமல், இரத்தக்கசிவே முதல் அறிகுறியாக வரும்.

காரணம் எதுவானாலும் காப்பு குறைந்த இடத்தைக் கடைசியில் அரிப்பது அமிலமும் பெப்சினும் கலந்த செரிநீர். எனவே செரிநீர்ப்புண். முன்னால் காரணத்தைச் சேர்த்துக் கிருமிவழிச் செரிநீர்ப்புண், மருந்துவழிச் செரிநீர்ப்புண் என்று பிரிக்கவும் இடம் தருகிறது. சிகிச்சையும் அப்படித்தானே பிரிகிறது? முன்னதற்கு அமிலம் குறைக்கும் மருந்தோடு நுண்ணுயிர்க்கொல்லிகள், பெரும்பாலும் 14 நாள். பின்னதற்கு மருத்துவரைக் கேட்டு வலிமாத்திரையை நிறுத்துவது அல்லது மாற்றுவது. இதய நோய்க்கு ஆஸ்பிரின் எடுப்பவர் தானாக நிறுத்தக் கூடாது என்பதையும் கையேட்டில் அங்கேயே எழுத வேண்டும்.

> சித்த மருத்துவத்தின் ‘குன்மம்’?

வயிற்று நோய்களுக்கான அழகான பழஞ்சொல். ஆனால் எட்டு வகைக் குன்மம் வேறொரு நோய்ப் பகுப்பின் பகுதி. அதை இங்கே பொருத்தினால் இரண்டு துறைக்கும் குழப்பம்.

அடுத்து எனக்கு ஒரு சொல் வேண்டும். சளிச்சவ்வின் மேலளவில் நிற்கும் ‘எரோஷன்’ என்பது புண்ணைவிட ஆழம் குறைந்தது. குழாய்விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி அறிக்கைகளில் அடிக்கடி வருகிறது. ‘அரிப்பு’ என்றால் சொறியாகிவிடும். ‘மேலரிமானம்’ சரியாக வருமா?