மூளையின் பரிணாமத்தை அறிய ஊர்வனவற்றின் கரு எதற்கு?

காசிமேட்டு மாணவி:
எண்ணூரில் கரையொதுங்கிய பங்குனி ஆமையைப் பார்த்ததிலிருந்து இந்தக் கேள்வி என்னை விடவில்லை. வளர்ந்த மூளையை ஆராய்ந்தால் போதாதா?

தண்டையார்பேட்டை ஆசிரியர்:
போதாது அம்மா. வளர்ந்த மூளை விளைவை மட்டுமே காட்டும். அது உருவான வரிசை கருவில்தான் தெரியும். நம் பெருமூளைப் புறணியில், அதாவது மூளையின் வெளிப்படலத்தில், ஆறு அடுக்குகள், ஆமைக்கு மூன்று. நம் கருவில் பிந்திப் பிறக்கும் நரம்பணுக்கள் முந்தியவற்றைத் தாண்டி மேலே ஏறுகின்றன. ஆமைக் கருவில் அவை கீழேயே தங்கிவிடுகின்றன. உயிரியலில் இதைவிட அழகான செய்தியை நான் படித்ததில்லை!

ராயபுரம் வாசகர்:
பல்லிக் கருவில் நரம்பணுக்கள் மெதுவாகவே உருவாகின்றன என்று 2013இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

மாணவி:
ஐயா, கடற்கரையில் ஆமை முட்டை கிடைத்தால் ஆராயலாமா?

ஆசிரியர்:
தொடவே கூடாது, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.