புதுப்பிப்பு: இரைப்பை பைபாஸ் செய்து சில வருடம் கழித்து வந்த வயிற்றுவலிக்குக் காரணம் கிடைத்தது

எடை குறைக்க ரூ-என்-ஒய் இரைப்பை பைபாஸ் (இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு நேரே இணைக்கும் ஆபரேஷன்) செய்தவன். சில வருடம் கழித்து, சாப்பிட்டதும் இடது மேல்வயிற்றில் முறுக்கிப் பிடிக்கிறது, எண்டோஸ்கோபியில் ஒன்றுமில்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கேஸ், அல்சர் மாத்திரைகள் எதற்கும் வலி கேட்கவில்லை. "வலி இருக்கும்போதே சி.டி. எடுத்து, பைபாஸ் செய்யும் சர்ஜனிடமே படத்தைக் காட்டுங்கள்" என்ற யோசனைதான் பலித்தது. ரிப்போர்ட்டில் நார்மல் என்றுதான் இருந்தது. சர்ஜன் படத்தைப் பார்த்ததும், குடலுக்குப் போகும் ரத்தக்குழாய்கள் சுழி போலச் சுருண்டிருப்பதைக் காட்டினார். உள் குடலிறக்கம்.

பைபாஸில் சிறுகுடலை வெட்டி மேலே கொண்டுவந்து இணைக்கும்போது, குடலைத் தாங்கும் சவ்வுகளுக்கு நடுவே இடைவெளிகள் உண்டாகின்றன. எடை குறையக் குறைய அந்தச் சவ்விலுள்ள கொழுப்பும் கரைந்து இடைவெளி அகலமாகிறது. குடல் உள்ளே நழுவுகிறது, சில நேரம் தானே வெளியே வந்துவிடுகிறது. அதனால்தான் வலி விட்டு விட்டு வந்திருக்கிறது. நன்றாக இளைத்ததற்கு இப்படி ஒரு பரிசு!

லேப்ராஸ்கோப்பியில் பார்த்தபோது வயிற்றுக்குள் பால் நிறத்தில் கொஞ்சம் நீர் இருந்ததாம்; நிணநீர் தேங்கியதால் என்றார்கள். குடல் அழுகவில்லை, வெட்ட வேண்டியிருக்கவில்லை. அதை இழுத்துச் சரிசெய்து, மேலே கொண்டுவந்த குடலுக்குப் பின்னால் இருக்கும் பீட்டர்சன் இடைவெளி எனப்படுவதையும் குடல் இணைப்புக்குப் பக்கத்தில் இருந்ததையும் கரையாத நூலால் தைத்தார்கள். அப்புறம் அந்த வலி வரவில்லை.

வலி விடாமல் இருந்தால் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பைபாஸ் செய்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.