அப்பாவுக்கு ராத்திரி மாத்திரை: தொடரலாமா, நிறுத்தலாமா?

திருப்பாதிரிப்புலியூர் மகள்:
அப்பாவுக்கு 78 வயசு, அல்சைமர்ங்கிற மறதி நோய். பஸ் கண்டக்டரா இருந்து ரிட்டயர் ஆனவர். விளக்கு வைக்கிற நேரம் வந்தா "கடைசி வண்டி போயிடும், என் பை எங்க?"ன்னு வாசக்கதவைப் பிடிச்சு இழுப்பார். மறிச்சா அடிதான். போன மாசம் தள்ளிவிட்டதுல அம்மாவுக்கு மணிக்கட்டு எலும்புல விரிசல். டாக்டர் ராத்திரிக்கு ரிஸ்பெரிடோன்னு ரகளையை அடக்குற மனநல மாத்திரை எழுதினார். ரகளை குறைஞ்சது உண்மை. ஆனா தினமும் பேப்பரை விரிச்சு தலைப்பையெல்லாம் சத்தமா வாசிக்கிறவர், இப்போ மடிச்ச பேப்பரை மடியிலயே வெச்சுக்கிட்டு உக்கார்ந்திருக்கார். கடைவாயில எச்சில் வழியுது. சங்கரா மீன் குழம்புன்னா உயிரு. அதையே வாயில வெச்சுக்கிட்டு மெல்ல மறந்துடறார். பக்கவாதம் வர வாய்ப்பு கூடும்னு டாக்டரே சொல்லித்தான் கொடுத்தார். ஆயுசு குறையுறதைக்கூட ஏத்துக்குவேன், இருக்கிற நாள்ல இப்படி இருக்கிறதைத்தான் என்னால பார்க்க முடியல. தாம்பரத்துல இருக்கிற அண்ணன் நிறுத்துங்கிறார். ராத்திரி அடி வாங்குறது அம்மா. என்ன செய்யலாம்?

புதுச்சேரி நர்ஸ்:
நீங்களா சட்டுனு நிறுத்தாதீங்கம்மா. மெல்லாம விழுங்கினா புரையேறி நிமோனியாவுல கொண்டு விடும். அதனால அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காம இன்னைக்கே டாக்டருக்கு போன் பண்ணுங்க. ஆபத்து நிஜம்தான். 2005-ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிச்சப்போ, சுமார் 10 வார ஆய்வுகள்ல இந்த வகை மருந்து சாப்பிட்ட டிமென்ஷியா (மறதி நோய்) முதியவங்கள்ல 4.5 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க, மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 2.6 சதவீதம். பிரிட்டன்ல அல்சைமர் ரகளைக்கு ரிஸ்பெரிடோன் கொடுக்க அனுமதியே 6 வாரம் வரைக்கும்தான். எப்போ குறைப்பீங்கன்னு தேதி கேட்டு வாங்குங்க. இல்லாத ஆள் கண்ணுக்குத் தெரியறது, கை நடுக்கம் இருந்தா அதையும் சொல்லணும். டிமென்ஷியாவுல லூயி பாடின்னு ஒரு வகை இருக்கு, அதுவா இருந்தா இந்த மருந்து ரொம்ப மோசமா வேலை செய்யும். யூரின் இன்ஃபெக்‌ஷன், மலச்சிக்கல், பல்வலி பார்த்தாச்சா? வாய்விட்டுச் சொல்லத் தெரியாதப்போ அதெல்லாம்தான் ரகளையா வெளியில வரும்.

நெல்லிக்குப்பம் மருமகள்:
எங்க அத்தைக்குக் குறைச்சுப் பார்த்தோம், முடியல. குளிப்பாட்டவே விடாம தொடையிடுக்கெல்லாம் புண்ணாயிடுச்சு. டாக்டர்கிட்ட பேசி சின்ன டோஸ்ல திரும்ப ஆரம்பிச்சோம். போன வருஷம் போய்ட்டாங்க. கொடுத்ததுல எனக்கு உறுத்தல் இல்ல, வலியில்லாம குளிச்சு சாப்பிட்டாங்க. உங்க அம்மா உடம்பையும் கணக்குல சேருங்க அக்கா. ஒண்ணு செஞ்சு பாருங்க: பொழுது சாயறதுக்கு முன்னாடியே அப்பா தோள்ல ஒரு பையை மாட்டி தெருவுல ஒரு நடை கூட்டிட்டுப் போங்க. திரும்பி வந்ததும் "டூட்டி முடிஞ்சுதுப்பா, கணக்கு கட்டியாச்சு"ன்னு காபியைக் கொடுங்க. கதவை மறிச்சுக்கிட்டு நிக்காதீங்க.

திருப்பாதிரிப்புலியூர் மகள்:
ரெண்டு பேருக்கும் நன்றி. டாக்டர்கிட்ட பேசிட்டேன். டோஸைப் பாதியாக்கி, யூரின் டெஸ்ட் எழுதியிருக்கார். அப்பா வெளிக்குப் போயே நாலஞ்சு நாளாச்சுன்னு அம்மா இப்பதான் சொல்றாங்க, அதுக்கும் மருந்து வாங்கியாச்சு. சாதத்தைக் குழைய மசிச்சு, நேரா உக்கார வெச்சு ஊட்டுறோம். டோஸ் குறையுற இந்த வாரம் ராத்திரி இங்க வந்து படுன்னு அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். பார்த்துட்டு அவரே சொல்லட்டும்.