வண்டலூர் சோலைமந்தி படம்: பின்னால் தெரியும் சுவரை என்ன செய்வது?

தாம்பரத்துக்காரன்:
வண்டலூர் பூங்காவில் எடுத்த சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) படம். 300 எம்எம் லென்ஸ், எஃப் 5.6 திறப்பு. முகத்தைச் சுற்றியுள்ள நரைத்த பிடரி மயிர் இழை இழையாகத் தெரிகிறது, பார்வை நேராக என்னைப் பார்த்து. ஆனால் பின்னால் வெயில் பட்ட சிமென்ட் சுவர், அதில் ஒரு நீலத் தண்ணீர்க் குழாய். கண் முதலில் குழாய்க்குத்தான் போகிறது. மந்தியை மட்டும் வெட்டி, வால்பாறையில் எடுத்த ஒரு காட்டுப் படத்தின் மேல் வைத்துப் பார்த்தேன். பிடரி ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு. படம் திருத்த லைட்ரூம், ஃபோட்டோஷாப் இரண்டும் இருக்கின்றன. ஹாலில் பெரிதாக மாட்ட ஆசை. வழி சொல்லுங்கள்.

இருட்டறை:
காட்டை ஒட்ட வேண்டாம் தம்பி. அந்த மெல்லிய மயிருக்குள் சுவரின் வெளிச்சமும் கலந்தே பதிவாகியிருக்கிறது. எவ்வளவு நுணுக்கமாக வெட்டினாலும் அது கூடவே வரும். இருண்ட காட்டின் மேல் வைத்தால் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும்.

சுவர் அங்கேயே இருக்கட்டும், கண்ணை இழுக்காமல் இருந்தால் போதும். முதலில் குழாய். வெறும் சுவர்மேல் இருக்கும் பகுதியை, வேண்டாததை அழிக்கும் ரிமூவ் கருவியால் எடுத்துவிடலாம். மயிரைத் தொடும் இடத்தில் அந்தக் கருவியைக் கொண்டு போகாதீர்கள். அங்கே நீல நிறத்தின் செறிவை மட்டும் குறையுங்கள், சாம்பலாகிச் சுவரோடு கலந்துவிடும்.

அப்புறம் 'செலக்ட் சப்ஜெக்ட்' கொடுத்தால் மந்தி மட்டும் தேர்வாகும். அந்தத் தேர்வை, அதாவது மாஸ்க்கை, தலைகீழாக்கிப் பின்னணியை மட்டும் பிடித்து, ஹைலைட்ஸையும் (பளிச்சிடும் பகுதிகள்) எக்ஸ்போஷரையும் (மொத்த வெளிச்சம்) கொஞ்சம் இறக்குங்கள். கிளாரிட்டி, டெக்ஸ்சர் இரண்டையும் மைனஸுக்குக் கொண்டுபோனால் சுவரின் சொரசொரப்பு அடங்கும். ரொம்ப இருட்டாக்கிவிடாதீர்கள். வெள்ளைப்புலி என்றால் கறுப்புப் பின்னணி தாங்கும். சோலைமந்தியின் உடம்பே கறுப்பு. சுவரும் கறுத்தால் தோளும் முதுகும் அதில் கரைந்து, வெறும் முகம் மட்டும் மிதக்கும். நடுத்தரச் சாம்பலில் நிறுத்துங்கள், மூலைகளை மட்டும் இன்னும் கொஞ்சம் இறக்கலாம்.

பின்னணியை மங்கலாக்கும் லென்ஸ் பிளர் போட்டால், மந்தி உட்கார்ந்திருக்கும் கட்டையைப் பாருங்கள். கேமராவிலிருந்து மந்தி இருக்கும் அதே தூரத்தில் இருப்பது கூர்மையாகவே இருக்க வேண்டும். அது மங்கினால் மந்தி அந்தரத்தில் நிற்பது போல ஆகிவிடும்.

காலைவெயில்:
அடுத்த முறை போகும்போது இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து பாருங்கள். பெரும்பாலும் சுவருக்குப் பதில் ஒரு மரமோ நிழலோ பின்னால் வந்துவிடும். காலை 9 மணிக்குத் திறந்ததும் போய்விடுங்கள், செவ்வாய் விடுமுறை. கம்பிவலை குறுக்கே இருந்தால், நிற்க அனுமதித்த இடத்திலிருந்து எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே போய், வலையில் நிழல் விழும் பக்கமாகப் பார்த்து, லென்ஸின் திறப்பை முழுதாகத் திறந்து (மிகச் சிறிய எஃப் எண்ணில்) எடுங்கள். விலங்கு வலையை விட்டுத் தள்ளி இருக்கும் நேரமாகப் பார்த்து எடுத்தால் கம்பி கரைந்தே போகும்.

மேற்குமலை:
வீட்டில் மாட்ட எப்படி வேண்டுமானாலும் திருத்துங்கள். எங்கே பகிர்ந்தாலும் 'வண்டலூர் பூங்கா' என்று எழுதிவிடுங்கள். வைல்ட்லைஃப் ஃபோட்டோகிராஃபர் ஆஃப் த இயர் போட்டியில் 2009இல் வேலி தாண்டும் ஓநாய்ப் படம் முதல் பரிசு வாங்கியது. அது பழக்கிய ஓநாயாகத்தான் இருக்க வேண்டும் என்று நடுவர்கள் முடிவுசெய்து 2010இல் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கிற உயிரினம். அது எங்கே இருக்கிறது என்பதில் பொய் கலந்தால் எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

தாம்பரத்துக்காரன்:
மேற்குமலை, கண்டிப்பாக எழுதுகிறேன். இருட்டறை அண்ணா, குழாய் போய்விட்டது, சுவரும் அடங்கிவிட்டது. ஆனால் பிடரியைச் சுற்றி இப்போது மெல்லிய கருவளையம் தெரிகிறது.

இருட்டறை:
மாஸ்க்கின் ஓரம் மயிருக்குள் ஏறியிருக்கிறது. மாஸ்க்கிலிருந்து கழிக்கும் சப்ட்ராக்ட் பிரஷ்ஷை எடுத்து, ஃபெதரை (ஓரத்தின் மென்மை) முழுதாக வைத்து, ஃப்ளோவை (ஒரு தடவலின் அழுத்தம்) குறைத்துப் பிடரி ஓரமாக மெதுவாகத் தடவுங்கள். அங்கே சுவர் சற்று வெளுப்பாகத் தெரிந்தால் பரவாயில்லை. பெரிய பிரின்ட் போடுமுன் சின்னதாக ஒன்று போட்டுப் பாருங்கள், காகிதத்தில் கறுப்பு இன்னும் அடர்ந்துதான் வரும்.