யூட்டாவில் கொஞ்சம் கலவையான ஊர் எது?

எல்லோருக்கும் வணக்கம். கணவருடைய வேலைக்காக அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் லீஹை என்ற ஊரில் குடியிருக்கிறோம். கணினி நிறுவனங்கள் நிறைய இருப்பதால் ஊரில் நம் ஆட்களும் இருக்கிறார்கள். ஆனால் எங்கள் தெருவில் மார்மன் (இங்கே அதிகம் உள்ள ஒரு கிறிஸ்தவப் பிரிவு) அல்லாத குடும்பம் நாங்கள் மட்டும்தான்.

அக்கம்பக்கத்தார் மேல் ஒரு குறையும் இல்லை. பனி பெய்தால் எங்கள் வாசல் பனியையும் சேர்த்தே தள்ளிவிடுகிறார்கள். சிக்கல் வேறு. இங்கே தெருக்களை வைத்துத்தான் சபையைப் பிரிக்கிறார்கள், 'வார்டு' என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர்களே சபையிலும் ஒன்றாக இருப்பதால் பிள்ளைகளின் நட்பு, வாரநாள் மாலை நிகழ்ச்சி எல்லாம் அதைச் சுற்றியே ஓடுகிறது. எட்டு வயதில் ஞானஸ்நானம். மகளின் தோழிகளிடையே இப்போது அந்தப் பேச்சுதான். "எனக்கு எப்போம்மா?" என்று கேட்கிறாள், என்ன சொல்ல! ஞாயிற்றுக்கிழமை விளையாட ஆளே கிடைப்பதில்லை. உயர்நிலைப் பள்ளிக்குப் போனால், பள்ளி நேரத்திலேயே பக்கத்துக் கட்டடத்தில் 'செமினரி' என்ற அவர்களுடைய சமய வகுப்பு வேறு.

அதனால் வடக்கே மாறலாமா என்று யோசனை. சால்ட் லேக் சிட்டியில் சுகர் ஹவுஸ் பக்கம் பிடித்திருக்கிறது, வாடகைதான் பயமுறுத்துகிறது. வெஸ்ட் வேலி சிட்டியில் லத்தீன், பசிபிக் தீவுக் குடும்பங்கள் அதிகம். எனக்கு அதில்தான் மனசு. அவருக்கோ வேலைக்குப் போகும் தூரம் கவலை. ஃபிரன்ட்ரன்னர் ரயிலில் தினமும் லீஹை வந்துபோகிறவர்கள் யாராவது உண்டா? அப்புறம், சவுத் ஜோர்டான் கணேசர் கோயில் பக்கம் வீடு எடுத்தவர்களே, அங்கும் இதே கதைதானா? எந்தத் தொடக்கப் பள்ளி என்று பெயரோடு சொன்னால் ரொம்ப உதவியாக இருக்கும்.