மறுமொழி: ‘ட்ரோடவுன்’ – ‘இறைப்பிறக்கம்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

நிலக்கரிச் சுரங்கங்களைச் சுற்றியுள்ள நிலத்தடி நீரைக் கண்காணிக்கும் கையேட்டுக்காக ‘ட்ரோடவுன்’ (drawdown, இறைப்பதால் கிணற்று நீர்மட்டம் இறங்குவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் கேட்டிருந்தீர்கள். நீர் வீழ்ச்சி, வற்றல், நீர்மட்டத் தாழ்வு என்று மூன்று வந்திருக்கின்றன. முதலாவதை விட்டுவிடுவோம், குற்றாலம் போகிறவர்கள் குழம்பிப்போவார்கள்.

‘வற்றல்’ நல்ல சொல்தான், ஆனால் அது வேறொன்றைச் சொல்கிறது. யாழ்ப்பாணத்தில் ஆவணி, புரட்டாதியில் கிணறு வற்றும், ஐப்பசி, கார்த்திகை மழைக்குத் திரும்ப ஏறும். யாரும் இறைக்காவிட்டாலும் அது நடக்கும். நமக்கு வேண்டியது இறைப்பதால் மட்டும் வரும் இறக்கம். காலையில் மெசின் போடுமுன் நின்ற மட்டத்துக்கும், இறைக்கும்போது உள்ள மட்டத்துக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அது. சுரங்கத்துக்குப் பக்கத்து ஊரில் கிணறு காய்ந்தால் வரும் வழக்கே இதுதானே: மழை இல்லாததாலா, சுரங்கம் உறிஞ்சியதாலா? இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் கண்காணிப்பு. ஆகவே காரணம் சொல்லுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘இறைப்பிறக்கம்’ என்று வைக்கலாம்.

யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் தண்ணீர் விடுவதை இறைப்பு என்றே சொல்வார்கள். தோட்டச் சொல் சுரங்கத்துக்கு ஒட்டாது என்று ஒருவர் எழுதியிருந்தார். தோணிக்குள் ஏறிய தண்ணீரையும் இறைக்கத்தானே செய்கிறோம்? சுரங்கக் குழியிலிருந்து தண்ணீரை வெளியே தள்ளுவதும் அதே வேலை, அளவுதான் பெரிது.

‘நீர்மட்டத் தாழ்வு’க்கு வேறொரு சிக்கல் உண்டு. நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட நீர்த்தாங்கி, அதாவது நீரைத் தேக்கி வைத்திருக்கும் நிலத்தடிப் படை, இருக்கிறது. அந்த அழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால் சுரங்கத் தரையைப் பிளந்துகொண்டு தண்ணீர் மேலே வரும். அதனால் ஓயாமல் இறைக்கிறார்கள். அடைபட்ட நீர்த்தாங்கியில் இறைத்தவுடன் குறைவது அழுத்தம். படை நீர் நிரம்பியபடியே இருக்கலாம், ஆனால் அதற்குள் இறக்கிய கிணற்றில் தண்ணீர் இறங்கிக் காட்டும். இதை ‘நீர்மட்டத் தாழ்வு’ என்றால் படையே வெறுமையாகிவிட்டது போல வாசகர் நினைப்பார். ‘இறைப்பிறக்கம்’ அடைபட்டது, அடைபடாதது என்ற இரண்டு வகை நீர்த்தாங்கிக்கும் பொருந்தும்.

சொல் பிடித்துவிட்டால் அதன் குடும்பமும் வரும். இறைக்கும் இடத்தைச் சுற்றி நீர்மட்டத்தில் உண்டாகும் பள்ளம் ‘இறக்கக் கூம்பு’, நிறுத்தியபின் மட்டம் திரும்புவது ‘ஊறல்’. யாழ்ப்பாணத்துக்கு இன்னொன்றும் தேவை. இங்கே சுண்ணக்கல்லுக்குள் நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நன்னீர், உவர்நீர் அடர்த்தி வித்தியாசத்தை வைத்துப் போடும் கைபன்-ஹேர்ஸ்பேர்க் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் நின்றால் கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 மீற்றர் இருக்கும். மேலே 1 மீற்றர் இறங்கி அப்படியே நின்றுவிட்டால் உவர் எல்லை கடைசியில் 40 மீற்றர் ஏறும். அதற்கு ‘உவரேற்றம்’ என்கிறேன். கையேட்டில் இடமில்லாவிட்டாலும் சொற்பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

அப்புறம், நீரின் தரப் பகுதியில் ‘அமிலச் சுரங்க வடிகால்’ (acid mine drainage) என்று பார்த்தேன். சுரங்கமே அமிலத்துக்காகத் தோண்டப்பட்டது போல இருக்கிறது! வடிகால் என்றால் வாய்க்கால், இங்கே பேசப்படுவதோ அதில் ஓடும் தண்ணீர். நிலக்கரியோடு கிடக்கும் பைரைற் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகி, இரும்பு, மங்கனீசு போன்றவற்றைக் கரைத்துக்கொண்டு வருகிறது. ‘சுரங்க அமிலநீர்’ போதும். சுண்ணக்கல் உள்ள இடத்தில் அமிலம் அடங்கிவிடும், சல்பேற்று தங்கும். ஆகவே பீஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு) சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து நல்ல தண்ணீர் என்று எழுதிவிடக் கூடாது. அந்தப் பத்தியைத் திருத்தவேண்டும்.

நீர்மட்டத்தையும் தரத்தையும் அளக்க வைத்திருக்கும் கிணற்றுக்கு ‘கண்காணிப்புக் கிணறு’ அப்படியே இருக்கட்டும். ‘நோக்குக் கிணறு’ என்பதில் எனக்கு உற்சாகமில்லை.

மாற்றுக் கருத்து இல்லையென்றால் வரைவிலக்கணத்தை இப்படிப் போடலாம்: இறைப்பிறக்கம் – இறைப்பதன் விளைவாக ஒரு கிணற்றின் நீர்மட்டம் அதன் ஓய்வு மட்டத்திலிருந்து (இறைக்காதபோது நிற்கும் மட்டத்திலிருந்து) இறங்கும் அளவு, மீற்றரில்.