எஸ்எஸ்டி ‘லூஸ் கான்டாக்ட்’: கலைச்சொல் முடிவு செய்ய வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

மடிக்கணினிப் பழுதுநீக்க உதவிப்பக்கத்தில் ஒரு சொல் இடிக்கிறது. எஸ்எஸ்டி (தரவைச் சேமித்து வைக்கும் சாதனம்) நன்றாகத்தான் இருக்கிறது; மதர்போர்டில் அது சேரும் இடத்தில் மட்டும் தொடர்பு விட்டுவிட்டு வருகிறது. கடையில் லூஸ் கான்டாக்ட் என்பார்கள். நம் வரைவில் ‘சேமிப்பக இணைப்புப் பிழை’ என்று இருக்கிறது. ‘இணைப்பு’ ஏற்கெனவே இணையத்தையும் மின்னஞ்சலோடு வரும் கோப்பையும் குறிக்கிறது. ‘இணைப்புப் பிழை’ என்று திரையில் கண்டவர் முதலில் வைஃபையைத்தான் அணைத்துப் போடுவார். ‘சேமிப்பகத் தொடர்பிழப்பு’ என்று மாற்றலாமா?

---

> ‘சேமிப்பகத் தொடர்பிழப்பு’ என்று மாற்றலாமா?

வணக்கம். அது அறிகுறியின் பெயர், பழுதின் பெயர் அல்ல. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எஸ்எஸ்டி ஒரு முறை தெரிகிறது, மறுமுறை தெரிவதில்லை. சூடானதும் நீலத்திரை வருகிறது. பொருத்துவாயில், அதாவது எஸ்எஸ்டியைச் செருகும் இடத்தில், கோளாறு என்றாலும் இப்படித்தான், எஸ்எஸ்டியின் கன்ட்ரோலர் (அதை இயக்கும் சில்லு) சாகும்போதும் இப்படித்தான். முன்னது கழற்றி மாட்டினால் தீரும். பின்னதில் தரவை அன்றைக்கே வெளியே எடுத்தாக வேண்டும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் நல்ல எஸ்எஸ்டியைத் தூக்கிப் போடுவார்கள், கெட்டதை நம்பித் தரவை இழப்பார்கள்.

பிரித்தறிய எளிய வழி யூஎஸ்பி உறை: எஸ்எஸ்டியைக் கழற்றி உள்ளே வைத்து, யூஎஸ்பி வழியாகக் கணினியில் இணைக்கும் பெட்டி. எஸ்எஸ்டி கணினியோடு பேசும் முறை என்விஎம்இ, சாட்டா என இருவகை. என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு அதற்கான உறை, சாட்டாவுக்குச் சாட்டா உறை. முதலில் முக்கியமான கோப்புகளைப் படியெடுங்கள். பிறகு 20 ஜிபி அளவில் ஏதாவது எழுதிப் படித்துப் பாருங்கள். உறையில் தடங்கலின்றி ஓடி மடிக்கணினிக்குள் மட்டும் அறுந்தால், கோளாறு பெரும்பாலும் பொருத்துவாயில்.

எம்.2 (மெல்லிய சிறு பலகை வடிவ எஸ்எஸ்டி) விளிம்பு 22 மி.மீ. அகலம். அதற்குள் அரை மி.மீ. இடைவெளியில், மேல் கீழ் இரு பக்கமும் சேர்த்து, 67 தொடுமுனைகள் (பொருத்துவாயைத் தொடும் உலோகப் புள்ளிகள்). அவற்றில் ஒன்றிரண்டு சரியாகப் படியாவிட்டால் எஸ்எஸ்டி மறைந்தே போகும் என்பதில்லை. நான்கு லேனுக்கு (தரவு ஓடும் பாதைக்கு) பதில் இரண்டிலோ ஒன்றிலோ ஓடிக்கொண்டிருக்கும். லினக்ஸில் எல்எஸ்பிசிஐ என்ற கட்டளை விரிவாகக் காட்டும் தகவலில் அகலம் ‘எக்ஸ்2’ என்றும் பக்கத்தில் ‘டவுன்கிரேடட்’ என்றும் இருந்தால் இதைச் சந்தேகிக்கலாம். சில மாடல்களில் பொருத்துவாய்க்கே இரண்டு லேன்தான் தந்திருப்பார்கள். அங்கே அது பழுதல்ல, அமைப்பே அப்படி.

ஆகவே என் பரிந்துரை ‘தொடுமுனைப் பழுது’. எங்கே கை வைக்க வேண்டும் என்பதைப் பெயரே சொல்லிவிடும்.

---

> என் பரிந்துரை ‘தொடுமுனைப் பழுது’

நல்ல சொல். இலங்கையில் ‘தொடுகை’ பள்ளி இயற்பியலிலேயே வரும் என்பதால் ‘தொடுகைப் பழுது’ எங்களுக்கு இன்னும் பழக்கம். ஆனால் பொருளைச் சுட்ட ‘தொடுமுனை’ வேண்டும்தான். தொடுகை நிகழ்ச்சி, தொடுமுனை உறுப்பு. துடைப்பது தொடுமுனையை.

இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டி உள்ள பழைய மடிக்கணினிகளை மறந்துவிடக் கூடாது. பலவற்றில் எஸ்எஸ்டிக்கும் மதர்போர்டுக்கும் நடுவே மெல்லிய பட்டை வடம் ஒன்று ஓடும். மடிந்த இடத்திலோ உலோக உடலில் உரசும் இடத்திலோ அதன் உட்கம்பி நைந்துவிடும். துடைத்தாலும் கழற்றி மாட்டினாலும் தீராது, வடத்தையே மாற்ற வேண்டும். இதற்கு ‘வடப் பழுது’ என்று தனிப்பெயர் தேவை. இங்கே தடயம் ஸ்மார்ட் பட்டியலின் (எஸ்எஸ்டி தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் பட்டியல்) 199 எண்ணிட்ட வரி, சிஆர்சி பிழை எண்ணிக்கை; தரவு வழியில் சிதைந்த தடவைகளை அது எண்ணும். சில மென்பொருள்களில் அதே வரி ‘சி7’ என்று தெரியும். வடத்தை மாற்றினாலும் அந்த எண் குறையாது. மாற்றுமுன் குறித்துக்கொண்டு, பெரிய கோப்பு ஒன்றைப் படியெடுத்தபின் பாருங்கள். ஏறாமல் நின்றால் போதும். நொடிக்கு 600 எம்பி என்று இருக்க வேண்டிய சாட்டா இணைப்பு வேகம் 300க்கோ 150க்கோ இறங்கியிருப்பதும் இதே குடும்பம்தான்.

‘ரீசீட்’ (கழற்றி மீண்டும் மாட்டுதல்) என்பதற்கு வரைவில் உள்ள ‘மறு அமர்த்தல்’ வேண்டாம். ‘கழற்றிப் பொருத்துக’ என்றால் யாருக்கும் புரியும்.

---

> ‘கழற்றிப் பொருத்துக’ என்றால் யாருக்கும் புரியும்

ஆம். கூடவே எப்படிக் கழற்றுவது என்பதும் தெளிவாக வர வேண்டும். விண்டோஸில் ஷிஃப்டை அழுத்தியபடி ஷட்டவுன் கொடுத்தால்தான் முழுதாக அணையும். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரையும் விடுவித்த பிறகே திருகில் கை. திருகு கழன்றதும் எம்.2 எஸ்எஸ்டி தானாகச் சாய்வாக எழும்பும். அதே சாய்வில் நேராக இழுக்க வேண்டும், பக்கவாட்டில் அசைக்கக் கூடாது.

ரேமுக்குச் செய்வதுபோல ரப்பரால் தேய்க்கும் பழக்கத்தை இங்கே வெளிப்படையாகத் தடுத்து எழுதுங்கள். தொடுமுனைகளின் பொன்முலாம் மெல்லியது, ரப்பர்த் துகள் பொருத்துவாய்க்குள் போனால் பழுது இரட்டிப்பாகும். பஞ்சு உதிராத துணியில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்து, உலரவிட்டால் போதும். எம்.2 பொருத்துவாய் சுமார் 60 முறை செருகிக் கழற்றவே வடிவமைக்கப்பட்டது, அதனால் ‘மீண்டும் மீண்டும் முயலவும்’ என்ற வரியை நீக்கிவிடலாம்.

திருகு இல்லாமல் விட்டாலும், எஸ்எஸ்டிக்கு அடியில் சூட்டைக் கடத்தும் வெப்பப் பட்டையைத் தடிமனாக வைத்தாலும், எஸ்எஸ்டியின் பலகை வளைந்து தொடுமுனைகள் ஒரு பக்கம் தூக்கும். கழற்றிப் பொருத்தியும் தீராத பல கோளாறுகளுக்கு வேர் இதுதான்.

சொல் விஷயத்தில் ஒன்று: மென்பொருள் அறிவிப்பது ‘பிழை’, பொருளில் இருப்பது ‘பழுது’. சிஆர்சி பிழை, வடப் பழுது. இந்த வேறுபாட்டைப் பக்கம் முழுக்கக் கடைப்பிடிப்போம். மறுப்பு இல்லையென்றால் வரைவில் இப்படி ஏற்றுகிறேன்:

“எஸ்எஸ்டி விட்டுவிட்டுத் தெரிகிறதா? யூஎஸ்பி உறையில் இட்டுச் சோதிக்கவும். அங்கே சரியாக இயங்கினால் தொடுமுனைப் பழுதாகவோ வடப் பழுதாகவோ இருக்கலாம். கணினியை முழுதாக அணைத்து, எஸ்எஸ்டியை ஒரு முறை கழற்றிப் பொருத்துக.”